வாங்க என்று சொல்லாத வீடு

போன வாரம் ஒரு காலை, குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது செல்பேசிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்தது. சிவகாசியில் நான் பிழை திருத்திக் கொடுக்கும் அச்சகத்திலிருந்து வாரத்துக்கு நாலைந்து இப்படி வரும். கூடவே டிசைனரின் குரல் பதிவு. உறவுக்காரர்கள் பெயர் முப்பதுக்கு மேல் இருக்கிறது, இடம் போதவில்லை, எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமலே, பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் தெரிந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்த வரியைப் படித்தேன். ‘காட்டேரிக் கதைகளின் எழுத்தாளர்’ என்று இருந்தது. அதற்கு மேலே பேச்சியம்மாள் என்ற பெயர். அதற்கும் மேலே, அச்சகத்தில் கூட வேலை பார்த்து நான் அக்கா என்று கூப்பிட்டவரின் முகம்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டிசைனரைக் கூப்பிட்டேன். அந்த வரியைத் தொடாதே, பெயர்களை எடு என்றேன். எடுத்தால் விடுபட்ட சொந்தக்காரர்கள் அச்சகத்துக்கே வந்துவிடுவார்கள் என்றார் அவர். கடைசியில் முப்பது பெயரையும் பொடி எழுத்தாக்கி, வரியை இருந்த இடத்தில் இருக்க விட்டோம். மதியத்துக்கு மேல்தான் சட்டையை மாட்டிக்கொண்டு விருதுநகரில் சிவகாசி பஸ் பிடித்தேன். அந்த பஸ் ஆமத்தூர் வழியாகத்தான் போகும். அக்கா வீடு ஆமத்தூரில் நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரம். அத்தனை வருடம் வேலைக்கு அந்த வழியாகப் போய் வந்தும், அங்கே நான் இறங்குவது அன்றுதான் முதல் தடவை.

இதை நான் எழுதுவது, அந்த அச்சகத்திலிருந்து நான் ஆசிரியராக இருந்து கொண்டுவந்த எங்கள் மாத நாவலை வாசித்தவர்களுக்காக. பழைய இதழ்களைப் படமெடுத்துப் பகிர்ந்துகொள்ளும் வாட்ஸ்அப் குழுவில் அக்காவின் மறைவுச் செய்தி வந்ததிலிருந்து இரங்கல் குவிகிறது. பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் எழுதுகிறார்கள். அந்தத் தீபாவளி மலர் நாவலின் கடைசிக் காட்சி, பட்டாசு அடுக்கி வைத்த கிட்டங்கியோடு காட்டேரி வெடித்துச் சிதறும் காட்சி, அதைப் போல் இன்னொருவர் எழுத முடியுமா என்கிறார்கள். அக்காவுக்கு நீங்கள் செலுத்தும் அந்த மரியாதையை நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசி மூன்று பக்கங்களை அக்கா எழுதவில்லை. நான் எழுதினேன்.

அக்கா எங்களிடம் எழுத வந்தவர் இல்லை, தாள் பார்க்க வந்தவர். மெஷினிலிருந்து இறங்கும் அச்சுத் தாள்களைப் புரட்டி, மை ஈஷியதையும் மடங்கியதையும் தனியே ஒதுக்கும் வேலை. லேபிள், காலண்டர், எங்கள் நாவல் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். மற்றவர்கள் கறை பார்ப்பார்கள், அக்கா வாசிப்பார். ஒருநாள் இரண்டு தாளோடு என் மேசைக்கு வந்து நின்றார்.

“தம்பி, இவனுக்குக் கண்ணாடியில உருவம் தெரியாதுன்னு பன்னெண்டாம் பக்கத்துல போட்டிருக்கீக. நாப்பதாம் பக்கத்துல கண்ணாடி பாத்து தலை சீவுறான். சீப்பு மட்டும் தெரியுமோ?”

அந்த மாதம் ஆறாயிரம் பிரதி அச்சாகி முடிந்திருந்தது. எழுதியவரோ சென்னையில் இருந்த பெரிய கை. நான் சிரித்து மழுப்பினேன். அக்கா சிரிக்கவில்லை. காட்டேரி பொய்தான், ஆனால் பொய்யை ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா என்று கேட்டார். அப்படியானால் நீங்களே எழுதுங்களேன் என்றேன், வாயை அடைப்பதற்காக. இரண்டு மாதம் கழித்து ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் ஒதுக்கிப் போட்ட லேபிள் தாள்கள். முன்பக்கம் மத்தாப்புப் படமும் சாமி படமும் மை ஈஷிக் கிடக்கும், பின்பக்கம் காட்டேரி இருக்கும். அதன் பிறகு எழுதிய பன்னிரண்டு நாவல்களையும் அப்படித்தான் எழுதினார். பேச்சியம்மாள் என்பதைப் புனைபெயர் என்றே வாசகர்கள் நினைத்தார்கள். பேய்க்கதைக்குப் பொருத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டிக் கடிதம்கூட வந்தது. அது எங்க குலசாமி பேரு, அம்மன் காதுல விழுந்துறப் போகுது என்று அக்கா பதறிப்போய் அந்தக் கடிதத்தை மடித்துக் கொடுத்தார்.

வெளிநாட்டுக் காட்டேரியை நம் ஊருக்குக் கொண்டுவந்த யாரும் அக்கா யோசித்த அளவுக்கு யோசித்திருக்க மாட்டார்கள். மற்றவர்கள் அவனுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டி, ஏதாவது ஒரு மலை பங்களாவில் குடிவைத்துவிடுவார்கள். அக்காவோ, சாத்தூர் வெயிலில் கோட்டோடு ஒருவன் நடந்தால் காட்டேரி என்று பயப்பட மாட்டார்கள், கிறுக்கன் என்று தண்ணீர் கொடுப்பார்கள் என்பார். பூண்டுக்குப் பயந்தவன் ரசம் வைக்கிற தெருவில் எப்படி நடமாடுவான் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். வெயில் பட்டால் சாகிறவன், வெயிலை நம்பியே பிழைக்கிற ஊருக்கு எதற்காக வர வேண்டும் என்பதுதான் அவரது பெரிய கேள்வி. பதிலையும் அவரே கண்டுபிடித்தார். ஒருநாள் வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

“சீசன்ல இந்த வேன் பொழுது விடியுமுன்ன வரும், பொழுது அடைஞ்ச பெறகு திரும்பும். அவனுக்குத் தோதான நேரம். ஆளுக ரத்தமில்லாம வெளுத்துப் போனா ஆஸ்பத்திரியில இரும்பு மாத்திரை குடுப்பாக. காட்டேரின்னு எவன் சந்தேகப்படுவான்?”

அந்தத் தீபாவளி மலர் நாவல் இங்கிருந்துதான் முளைத்தது. வேலைக்கு ஆள் கூப்பிட வேனில் வருகிறவன்தான் அதில் காட்டேரி. நம் ஊர்க் காட்டேரியோடு அவனைச் சேர்க்கக் கூடாது என்பதில் அக்கா கண்டிப்பாக இருந்தார். நம்மது பசித்தால் கேட்கும், படையல் வைத்தால் போய்விடும், இவன் கேட்க மாட்டான், நாம் அழைத்தால்தான் உள்ளே வருவான் என்று பிரித்துச் சொல்வார்.

அழைத்தால்தான் வருவான் என்ற அந்த விதியை அக்கா ஒரு டப்பிங் படத்தில் பிடித்தார். விருதுநகரில் மதியக் காட்சி. அக்காவும், அவர் தங்கை செல்வியும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அக்கா மகள் உமாவும் வந்திருந்தார்கள். செல்வி ஏழாயிரம்பண்ணையில் வாழ்க்கைப்பட்டவர், அங்கேயே ஓர் ஆலையில் வேலை. அக்காவைப் போல் இல்லை, படம் முழுக்க வாய் ஓயாது. திரையில் காட்டேரி ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான். வீட்டுக்காரி உள்ளே வா என்று சொல்லாமல் அவனால் நிலையைத் தாண்ட முடியாது. தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது செல்வி சத்தமாகச் சொன்னார்.

“நம்ம வீடா இருந்தா, அக்கா மூஞ்சியைப் பாக்குமுன்னயே வாங்கன்னுருப்பா. காப்பியும் குடுத்துருப்பா.”

முன் வரிசை, பின் வரிசை எல்லாம் சிரித்தது. படம் விட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போதும் அக்கா அதையே நினைத்துக்கொண்டு வந்தார். நம் பக்கத்தில் வாசலில் நிழல் விழுந்தாலே வாங்க என்று சொல்லிவிடுகிறோம், யாரென்று பார்ப்பது அப்புறம்தான், அப்படிப்பட்ட ஊரில் காட்டேரியை நிறுத்தி வைக்கிற வீடு ஒன்றாவது இருக்குமா என்று கேட்டார். அன்று எங்கள் யாருக்கும் பதில் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் செல்வி வேலை பார்த்த ஆலையில் வெடி விபத்து. செல்வி போய்விட்டார். அவர் புருஷன் கருப்பசாமி வேறொரு ஷெட்டில் இருந்ததால் தப்பினார். செல்வியின் சாவுக்குத் துட்டி கேட்க ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். ஒரே தெருவில் மூன்று வீட்டு முன்னால் பந்தல். எங்கேயும் யாரும் யாரையும் வாங்க என்று கூப்பிடவில்லை. துட்டி வீட்டில் கூப்பிடக் கூடாது, போகிறவன் தானாகப் போய்க் கையைத் தொட்டுவிட்டு, தானாகத் திரும்ப வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அறிந்ததுதான். இருந்தும் புறப்படும்போது பழக்கதோஷத்தில் அக்காவைப் பார்த்து, “போயிட்டு வாறேன்க்கா” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா மட்டும் அழுத கண்ணோடு என்னை ஒரு மாதிரி கூர்ந்து பார்த்தார். கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சாவு வீட்டில் உட்கார்ந்த நேரத்திலும் காட்டேரியை நிறுத்தி வைக்கிற வீடு எது என்ற தன் கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைத்துவிட்டிருந்தது. அதற்காக அவர் தன்னையே வெகுநாள் திட்டிக்கொண்டார்.

திரும்ப வேலைக்கு வந்த அன்று என்னிடம் ஒன்று சொன்னார். “வெடிச்சதை மட்டும் எழுத மாட்டேன் தம்பி. நம்ம பக்கம் வாசிக்கிறவுகளுக்கு அது கதையில்ல.” சரிக்கா என்றேன். சரி என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரியாது என்று நான் ஒதுங்க முடியாது.

தீபாவளி மலருக்குத் தொண்ணூற்றாறு பக்கம். பதினாறு பதினாறாக ஆறு ஃபாரம். ஐந்து ஃபாரம் ஓடி முடிந்த நிலையில், பட்டாசுக் கடை விளம்பரங்கள் கடைசி நேரத்தில் வந்து விழுந்தன. முன்னால் அச்சானதில் கை வைக்க முடியாது. கடைசி ஃபாரத்தில்தான் குறைக்க வேண்டும். அக்காவின் கடைசி அத்தியாயம் ஒன்பது பக்கம் வரும், எனக்கு மிஞ்சியது மூன்று பக்கம். அக்கா அன்று வேலைக்கு வரவில்லை, உமாவுக்குக் காய்ச்சல். ஆமத்தூர் பஸ்ஸில் இருபது நிமிடம். போய் அக்காவையே கேட்டிருக்கலாம். போகவில்லை.

அத்தியாயத்தின் முதல் பக்கத்தைப் படித்தேன். ஒரு தெருவில் பெண்கள் வீடு வீடாக நுழைந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அழுகை வேறு. தீபாவளிக்கு இது ஓடாது என்று நினைத்தேன். மீதியைப் படிக்காமலே ஒதுக்கிவிட்டு நானே பேனாவை எடுத்தேன். காட்டேரியைத் துரத்திக் கிட்டங்கிக்குள் விட்டு, ஒரு தீக்குச்சியைக் கிழித்து, எல்லாவற்றையும் வெடிக்க வைத்தேன். ஷெட்டு சுவர் சரிவதையும், கூரை பறப்பதையும், கை வேறு கால் வேறாகக் கிடப்பதையும் எழுதினேன். எழுதும்போது எனக்குச் செல்வி ஞாபகம் வரவில்லை. வந்தது, ஒதுக்கினேன் என்றால்கூட அது மனிதன் செய்கிற தப்பாக இருக்கும். வரவே இல்லை. வெடியில் பிழைக்கிற ஊர்க்காரனுக்குத் தீபாவளி இதழ் என்றால் வெடிதான் தோன்றியது. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு மெஷினுக்கு அனுப்பினேன்.

இதழ் கடைக்குப் போன நாலாம் நாள் கருப்பசாமி ஆமத்தூருக்கு வந்திருக்கிறார். கையில் எங்கள் தீபாவளி மலர். அக்கா வழக்கம்போல வாங்க என்று எழுந்திருக்கிறார். அவர் படியேறவில்லை. புத்தகத்தை வாசற்படியில் வைத்தார். “உங்க தங்கச்சியை வச்சுக் கதை கட்டிட்டீகளே மதினி” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். கடைசிப் பக்கங்களை அக்கா அதற்குப் பிறகுதான் படித்தார்.

மறுநாள் பஸ்ஸில் என்னிடம் இதையெல்லாம் குரல் உயர்த்தாமல் சொன்னார். நான் இருக்கையில் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தேன். பக்கம் இல்லை என்று குறைத்தது தொழில், அதில் தனக்கு வருத்தமில்லை என்றார். “அங்கன வெடியை வச்சிருக்க வேண்டாம் தம்பி.” அவ்வளவுதான். என்னைத் திட்டுவதற்கு அவருக்கு ஆயிரம் வார்த்தை இருந்திருக்கும். எழுதுகிறவர் இல்லையா? திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். நீங்கள் எழுதவில்லை என்று கருப்பசாமியிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். என் பேர் போட்டிருக்கு, நான் எழுதலைன்னா எவன் நம்புவான் என்றார். உங்க பேரைச் சொன்னா அவுக ஆமத்தூர்ல பஸ்ஸை மறிச்சு உங்களை எறக்கிருவாக என்றும் சொன்னார். நானே ஏழாயிரம்பண்ணைக்குப் போய்ச் சொல்கிறேன்க்கா என்றேன். “சொல்லுங்க” என்றார்.

நான் போகவில்லை. வருகிற ஞாயிறு என்றிருந்தேன், பொங்கல் கழியட்டும் என்றிருந்தேன். அடுத்த இதழில் திருத்தம் போடலாம் என்று நாலு வரி எழுதியும் வைத்தேன். காட்டேரிக் கதைக்குத் திருத்தமா என்று விநியோகஸ்தர் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சாக்காக எடுத்துக்கொண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அக்கா ஒருதடவைகூட நினைவூட்டவில்லை. தாள் பார்க்கும் வேலையை விடவும் இல்லை. எழுதுவதை மட்டும் விட்டுவிட்டார்.

சரி, அந்த அத்தியாயத்தையாவது மறுபடி எழுதிக் கொடுங்கள், தனியாக வெளியிடுகிறேன் என்று இரண்டு மூன்று வருடம் கழித்துக் கேட்டேன். கையெழுத்துப் பிரதி இல்லையா என்று கேட்டார். எப்படி இருக்கும்? லேபிள் தாளில் எழுதியதெல்லாம் கழிவுத்தாள் லோடோடு போய்விடும். கழிவுத்தாள் போகும் இடம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பட்டாசுக் குழாய் உருட்ட. அக்காவின் ஒன்பது பக்கமும் குழாயாக உருண்டு, மருந்து அடைத்து, ஏதோ ஓர் ஊரில் தீபாவளிக்கு வெடித்திருக்கும். இதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே புரிந்துகொண்டார். “ஒரு தடவை எழுதியாச்சு. அம்புட்டுதான்” என்றார். ஆனால் தேநீர் இடைவேளை முடிவதற்குள், எழுத மறுத்த கதையை வாயால் சொன்னார். அவர் வரிகள் என்னிடம் இல்லை. கதை இருக்கிறது. அதை இங்கே எழுதிவிடுகிறேன், இத்தனை வருடம் கழித்து அச்சேறட்டும்.

அத்தியாயம் ஓர் ஆலை விபத்துக்கு மறுநாள் தொடங்குகிறது. என்ன நடந்தது என்று எங்கேயும் இல்லை. வெடி என்ற சொல்லே ஒன்பது பக்கத்திலும் கிடையாது. பொழுது அடைந்ததும் வேனிலிருந்து காட்டேரி இறங்குகிறான். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடக்கிறது. பசியோடு முதல் வீட்டு வாசலில் போய் நிற்கிறான். உள்ளே ஆள் இருக்கிறது, அவனைப் பார்க்கவும் செய்கிறது, வாங்க என்று சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்குப் போகிறான், அங்கேயும் இல்லை. அந்தத் தெருவில் துட்டி இல்லாத வீடு கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அவனை உரசிக்கொண்டு உள்ளே போகிறார்கள், வருகிறார்கள், யாரும் யாரையும் கூப்பிடாமலே. அவன் மட்டும் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறான். அப்போது ஒரு கிழவர் திண்ணமாகச் சொல்கிறார், இவன் நம்ம ஆள் இல்லை, நம்ம ஆள் கூப்பிடுவதற்கா காத்திருப்பான்? ஒருவரும் அவனை அடிக்கவில்லை, துரத்தவில்லை. ஒவ்வொரு வாசலாக நின்று நின்று தெருக் கடைசிக்கு வரும்போது கிழக்கே வெயில் ஏறிவிடுகிறது. அதோடு அவன் முடிந்தான்.

இதைத்தான் எடுத்துவிட்டு நான் மூன்று பக்கம் வெடி வைத்தேன். கருப்பசாமி இந்த ஒன்பது பக்கத்தைப் படித்திருந்தால் புத்தகத்தை வாசற்படியில் வைத்திருப்பாரா என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அது அவர் தெரு. அவர் வீடும் அதில் இருந்தது.

அக்கா வேலையை விட்டு நிற்கும்வரை தினமும் மாலை ஒரே பஸ்ஸில்தான் திரும்புவோம். ஆமத்தூர் வரும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, “எறங்குங்க தம்பி, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம்” என்பார். இன்னொரு நாள் வாறேன்க்கா என்பேன். மூட்டுவலி வந்து வீட்டோடு இருந்த பிறகு தொலைபேசியில் கேட்பார், ஒருநா வாங்க தம்பி என்று. உமா கல்யாணத்துக்கு மண்டபத்துக்குப் போனேன், வீட்டுக்குப் போகவில்லை. கருப்பசாமி ஏறாத அந்தப் படியில் நான் எப்படி ஏறுவது? ஏழாயிரம்பண்ணைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்து ஏறலாம் என்றிருந்தேன். கடைசியாகப் பேசியது மூன்று வாரம் முன்னால். இரைப்புத் தொந்தரவு, பேச்சு விட்டு விட்டு வந்தது. ஏதாவது பேய்ப்படம் பார்த்தீர்களாக்கா என்று கேட்டேன். இப்போதெல்லாம் காட்டேரிகள் காதலிக்கின்றன, வெயிலிலும் நடக்கின்றன, ஒரு விதியையும் மதிப்பதில்லை என்று குறைப்பட்டார். பேச்சை முடிக்கும்போது மறுபடி அதே வார்த்தை. வாங்க தம்பி. அடுத்த வாரம் வாறேன்க்கா என்றேன்.

படம் வந்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் போஸ்டரைப் பார்த்தேன், டீக்கடைச் சுவரில் பசை காயாமல் இருந்தது. அந்த வரியும் இருந்தது. வீட்டு முன்னால் பந்தல். ஆட்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். சாவு வீட்டில் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தும், யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ஏறலாமே என்று படிக்குக் கீழே நின்றேன். அக்கா சொன்ன கதையில் யார் அப்படி நின்றான் என்பது நிற்கும்போதே எனக்கு உறைத்தது. உமா உள்ளேயிருந்து என்னைப் பார்த்தார். பக்கத்தில் வந்தார். வாங்க என்று சொல்லவில்லை. நிலையை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி, எனக்கு வழிவிட்டு நின்றார். ஏறினேன். அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசை. கேட்கவில்லை.

பந்தலில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையாகத் தொட்டுக்கொண்டே போனேன். நாலாவது ஆள் கருப்பசாமி. தலை முழுக்க நரைத்திருந்தது. துட்டி என்றதும் யாரும் கூப்பிடாமலே வந்திருக்கிறார். அவர் கையைத் தொட்டேன், விடவில்லை. குனிந்து, அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை எழுதியது நான் என்றேன். அக்கா எழுதியது வேறு, நான்தான் அதை எடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

“இதை மதினி இருக்கும்போது சொல்லியிருந்தா, நான் இந்தப் படி ஏறி ஒரு வாய் தண்ணியாவது வாங்கிக் குடிச்சிருப்பேன்” என்றார். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, அடுத்து வந்தவருக்கு நீட்டினார். உமாவிடம் பிறகு கேட்டேன், போஸ்டரில் அந்த வரியைப் போடச் சொன்னது யார் என்று. அம்மா எழுதி வைத்துவிட்டுப் போன வரி என்றார். ஒரு லேபிள் தாளின் பின்பக்கத்தில்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். எந்தப் பக்கத்தைக் குறைப்பதானாலும் அதைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் குறைக்கிறேன். அந்தப் போஸ்டரில் அதையும் மறந்திருந்தேன் என்று மேலேயே சொல்லிவிட்டேன். மற்றபடி என்னிடம் இருப்பது ஒன்பது பக்கம் இல்லாமல் போன இடமும், அவர் குரலில் வாங்க என்ற ஒரு வார்த்தையும். தீபாவளி மலரை வைத்திருப்பவர்கள் கடைசி மூன்று பக்கத்தைக் கிழித்துவிடுங்கள், அந்த இடத்தில் மேலே எழுதியதைச் செருகி வையுங்கள். அன்று புறப்படும்போது யாரிடமும் எதுவும் சொல்லாமல் படியிறங்கினேன். பதினெட்டு வருடம் அக்கா வாங்க வாங்க என்று கூப்பிட்ட வீடு அது. யாரும் கூப்பிடாத நாளில்தான் போய்ச் சேர்ந்தேன்.